மருந்தின் பெயரும் மக்களின் மொழியும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகை எதிர்பார்த்து நிற்கும் மக்களின் கைகளை ஒருகணம் கவனியுங்கள். அரிசிப் பை, மண்ணெண்ணெய்க் கலன், பிள்ளைக்கு வாங்கிய பாடசாலைச் சப்பாத்து. இவற்றோடு முதியவர்கள் பலரின் கையிலே ஒரு சிறிய பொலித்தீன் பையும் இருக்கும். அதற்குள் ஒரு மாதத்துக்கான குளிசைகள். பிரசருக்கு ஒன்று, சீனி வருத்தத்துக்கு இரண்டு, நெஞ்சு நோவுக்கு இன்னொன்று. குளிசைகளைப் பொதிந்துள்ள கடதாசி உறையில் ஏதோ எழுதப்பட்டிருக்கும். எழுதியிருப்பது ஆங்கில எழுத்து. அதுவும் முழுச் சொல் அன்று. பீ.டீ. என்றும் ரீ.டீ.எஸ். என்றும் இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகள். நாளுக்கு இருதரம், நாளுக்கு மூன்றுதரம் என்பதே அவற்றின் பொருள். பட்டினத்துக் கிளினிக்கிலே தாதி ஒருவர் அரை நிமிடத்தில் வாயால் சொன்னதுதான் அந்த முதியவருக்கு உள்ள ஒரே விளக்கம். படகு துறையைவிட்டு நீங்கிய பின் மறந்ததைக் கேட்டறிய ஆளில்லை. கடல் கொந்தளிக்கும் நாட்களிலோ படகும் இல்லை.

அந்த அரை நிமிடத்தைப் பற்றியே நாம் இங்கு எழுதப் புகுந்தோம். நாம் வைத்தியரல்லோம். தீவுப் பகுதியிலே பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள். ஆயினும் தாதியர் பயிற்சிக்குச் செல்லும் பெண்களும் ஆண்களும் நம் வகுப்பறைகளிலிருந்தே செல்கின்றனர். அவர்கள் பின்னர் மருந்து கொடுக்கப்போவதும் நம் தாய் தந்தையருக்கே. ஆகவே, தாதியருக்கு மருந்தியல் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது, எந்த மொழியிலே சிந்திக்குமாறு அவர்கள் பழக்கப்படுகின்றனர் என்ற கேள்வியை வைத்திய உலகத்துக்கு மாத்திரம் உரிய கேள்வியென ஒதுக்கிவிட்டு வாளாவிருக்க நம்மால் இயலாது.

மருந்து கொடுக்கும் முறையைக் கற்கும் தாதியருக்கு உலகெங்கும் சொல்லித்தரப்படும் ஒரு வாய்பாடு உண்டு. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்பன அந்த ஐந்து. நல்ல வாய்பாடுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது சென்றடைய வேண்டிய இடத்தைச் சொல்கிறதேயன்றிச் செல்லும் வழியைச் சொல்லவில்லை. சரியான அளவைக் கொடு என்பது எளிது. எழுதப்பட்ட அளவு சரியானதா என்று அறிவது எப்படி? ஐயம் வந்தால் யாரிடம் கேட்பது? கேட்டால் ஏசுவார்களா? வாய்பாட்டிலே இவற்றுக்கு விடையில்லை. வாய்பாட்டை ஒப்புவிப்பவர் பரீட்சையில் தேறுகிறார். அதன் பொருளை உணர்ந்தவரும் தேறுகிறார். இருவருக்கும் உள்ள வேறுபாட்டை அறியப்போகிறவர் கட்டிலிற் கிடக்கும் நோயாளி ஒருவரே.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். நம்மிடம் உயர்தர வகுப்பிலே படித்துத் தாதியர் பயிற்சிக்குச் சென்ற மாணவி ஒருத்தி விடுமுறையில் ஊர் வந்திருந்தாள். கெட்டிக்காரி. அவள் வீட்டுக்கு நாம் சென்றிருந்த மாலையில் அவளுடைய அம்மம்மா குளிசைப் பையை எடுத்து வந்து, "பிள்ளை, நாளைக்குக் கந்தசட்டி தொடங்குது. நான் ஆறு நாளும் விரதம். இந்தச் சீனிக் குளிசையைப் போடலாமோ?" என்று கேட்டார். மாணவி சிறிதுநேரம் மௌனமாயிருந்தாள். பின்னர், "அதை டொக்டரிட்டைக் கேளுங்கோ, அம்மம்மா" என்றாள். "கிளினிக் அடுத்த மாதமெல்லோ" என்றார் கிழவி.

குருதியில் வெல்லம் அளவுக்கு மீறிக் குறைவதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர், அதன் அறிகுறிகள் யாவை, எந்த மருந்துகள் அதை உண்டாக்கும் என்பவற்றை மறுகணமே அந்தப் பெண் நமக்கு ஆங்கிலத்திலே தட்டின்றிச் சொன்னாள். கிளிபென்கிளமைட்டு, கிளிக்கிளசைட்டு போன்ற குளிசைகள் உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வன. ஆதலால் பட்டினியோடு அவற்றை எடுத்தால் மயக்கமும் உயிராபத்தும் நேரலாம். மெற்போமினை மட்டும் எடுப்பவர்க்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. எதை எடுப்பவராயினும் தாமாகவே மருந்தை நிறுத்தாமலும் தாமாகவே தொடராமலும், விரதத்துக்கு முன்பே கிளினிக்கில் கேட்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். இவ்வளவும் அவளுக்குத் தெரியும். ஆனால் கேள்வி ஒரு மொழியில் வந்தது. விடை வேறொரு மொழியில் அடைபட்டுக் கிடந்தது. அம்மம்மாவின் விரதமும் பாடநூலின் அத்தியாயமும் ஒரே பொருளைப் பற்றியன என்று அவளுக்கு யாரும் காட்டவில்லை.

குற்றம் அவளுடையதன்று. அவள் கல்வியின் வரலாற்றைப் பாருங்கள். 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி வந்தது. அதன் பின்வந்த ஆண்டுகளில் தாய்மொழிக் கல்வியும் படிப்படியாக உயர்ந்து உயர்தர வகுப்புவரை சென்றது. நம் பிள்ளைகள் இரசாயனத்தையும் உயிரியலையும் தமிழிலே கற்கின்றனர். ஈரல், சிறுநீரகம், நொதியம், செறிவு, கரைசல் என்பன அவர்கள் கணக்குச் செய்து பழகிய சொற்கள். இந்தப் பிள்ளைகள் மருந்தியலின் வாயிலை அடைந்ததும் பாலம் அறுந்துபோகிறது. பல்கலைக்கழகத் தாதியியற் பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. மருந்தியற் பாடநூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. நோயாளியின் கட்டிற்சீட்டும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகிறது. பள்ளியிலே 'செறிவு' என்று தாம் கற்றதும் மருந்துக் குப்பியின்மேல் ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பதும் ஒன்றே என்று தெளியுமுன்னரே அவர்கள் மனனம் செய்யத் தொடங்கிவிடுகின்றனர்.

இது வெறும் சொற்பிரச்சினை என்று கருதுவோர் இன்சுலினை எடுத்துப் பார்க்கட்டும். ஒரு மில்லிலீற்றரில் 100 அலகு உள்ள இன்சுலின் குப்பி ஒன்று. கையிலிருக்கும் ஊசிக்குழலோ ஒரு மில்லிலீற்றரில் 40 அலகு உள்ள மருந்துக்காகக் கோடிடப்பட்டது. 20 அலகு கொடுக்கவேண்டியவர் அந்தக் குழலிலே 20 என்ற கோடு வரை உறிஞ்சினால், உள்ளே வருவது அரை மில்லிலீற்றர்; அதாவது 50 அலகு. இரண்டரை மடங்கு. செறிவு என்றால் என்னவென்று உணர்ந்த மாணவி இந்த இடத்திலே நிற்பாள். கோட்டை மட்டும் பார்க்கப் பழகியவள் நிற்கமாட்டாள். அரை மில்லிகிராம் என்பதை முன்னால் பூச்சியமிடாமல் புள்ளி ஐந்தென எழுதிவிட்டால் புள்ளி மங்கி ஐந்தாகிறது; ஐந்தென்பதற்குப் பின்னால் தேவையற்ற புள்ளியும் பூச்சியமும் இட்டால் அது ஐம்பதாகிறது. ஐந்தாம் வகுப்பிலே நாம் கற்பித்த தசமக் கணக்கு இங்கே ஓர் உயிரின் கணக்காகிறது.

அடுத்துப் பெயருக்கு வருவோம். நம் நாட்டிலே காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் 'பனடோல்' போடாதவர் எவருமில்லை. அது ஒரு கம்பனி தன் சரக்குக்கு இட்ட பெயர். மருந்தின் பெயர் பரசிற்றமோல். ஆஸ்பத்திரியில் கொடுப்பது பரசிற்றமோல் என்ற பெயரிலே வரும். கனடாவிலிருந்து மகன் அனுப்பும் போத்தலிலே அதே மருந்து டைலனோல் என்ற பெயரிலே வரும். புங்குடுதீவிலோ வேலணையிலோ ஒரே வீட்டு அலுமாரியில் இந்த மூன்று பெயர்களையும் காணலாம். நோவு தணியாத முதியவர், ஆஸ்பத்திரிக் குளிசை போதவில்லையென்று பனடோலையும், அதுவும் போதாவிடில் மகனின் போத்தலையும் நாடுகிறார். மூன்று வேறு மருந்துகளை எடுத்ததாக அவர் நினைக்கிறார். வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் எடுக்கத்தக்க உச்ச அளவு 4 கிராம். 500 மில்லிகிராம் குளிசையானால் எட்டு. அதற்கு மேற்போனால் தாக்கப்படுவது ஈரல். அவரை இந்த ஆபத்துக்கு உள்ளாக்கியது அறியாமை என்று சொல்வது பாதி உண்மை. ஒரே பொருளுக்குப் பல பெயர் சூட்டி ஒவ்வொன்றையும் தனிப்பொருளாக விற்கும் வாணிப முறை மற்றப் பாதி.

இந்த மற்றப் பாதியை நம் நாட்டிலே தெளிவாகக் கண்டுகொண்ட அறிஞர் ஒருவர் இருந்தார். 1958ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியற் பேராசிரியரானவரும், சமசமாஜக் கட்சியைச் சேர்ந்தவருமான சேனக பிபிலே அவர். கம்யூனிஸ்ட் இயக்கத் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து 1971ஆம் ஆண்டு அவர் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. நாட்டிற்குத் தேவையான மருந்துகளைத் தெரிந்தெடுத்து, கம்பனிப் பெயரை விடுத்துப் பொதுப்பெயரால் வாங்கி, பொதுப்பெயரால் வழங்குவதே அவரது கொள்கை. தனியார் துறையில் விற்பனையான ஏறக்குறைய 2,100 மருந்துச் சரக்குகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. 1977ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதலாவது பட்டியலை வெளியிட்டது. அதே ஆண்டிலே பிபிலே கயானா நாட்டில் காலமானார். அக்காலத்து அரசு பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைப் புகுத்தித் தமிழ் மாணவருக்கு இழைத்த தீங்கை நாம் மறந்துவிடவில்லை. அதற்காக பிபிலேயின் பணியை மறைப்பதும் நேர்மையாகாது. பொதுப்பெயர் என்பது சிக்கனத்துக்கான உபாயம் மட்டுமன்று. ஒரு மருந்துக்கு ஒரு பெயர் என்றாகும்போதே கற்பிப்பதும் கற்பதும் நோயாளிக்குச் சொல்வதும் எளிதாகின்றன. ஏகபோகத்துக்கு எதிரான அந்தப் போராட்டத்திலே தாதியின் பாடமும் அடங்கியிருந்தது.

பிபிலே பெயரைச் சீர்செய்ய முனைந்தார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே மொழியைச் சீர்செய்ய முனைந்தவர் ஒருவரும் நம் தீவுகளுக்கு எதிர்க்கரையில் வாழ்ந்தார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் செல்ல, கிராமம் வைத்தியரின்றியே கிடந்தது. ஆகவே கற்பிக்கும் மொழியைத் தமிழாக்கினார். அவருடைய மேற்பார்வையில் அவரது தமிழ் மாணவர்களின் உழைப்போடு 'மனுஷ அங்காதிபாதம்', 'இரணவைத்தியம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் வெளிவந்தன. 1873ஆம் ஆண்டு அவர் நாடு திரும்புவதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றியிருந்தார். மதம் பரப்புவதும் அவர் நோக்கங்களுள் ஒன்று. அதனை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் உடற்கூற்றையும் சத்திரசிகிச்சையையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழிற் கற்பிக்க முடிந்ததென்றால், மூன்று வேளைக் குளிசையை இன்று தமிழில் விளக்கக் கற்பிப்பது முடியாது என்று எவரும் நம்மிடம் சொல்ல வேண்டாம்.

இங்கே இரண்டு சாராரின் கூக்குரல் எழும் என்பதை அறிவோம். "ஆங்கிலம் இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகள் உலகத்திலே எங்கு வேலை பெறுவர்?" என்பர் ஒரு சாரார். ஆங்கிலத்தை அகற்றுங்கள் என்று நாம் எங்கே சொன்னோம்? புதிய ஆராய்ச்சிகளைப் படிக்க ஆங்கிலம் வேண்டும். அதையும் நன்றாகக் கற்பிக்கவேண்டும். ஆனால் லண்டனிலே வேலை செய்யும் தாதியிடம், அங்குள்ள நோயாளிக்கு அவருக்கு விளங்கும் ஆங்கிலத்தில் மருந்தை விளக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். லண்டன் நோயாளிக்குள்ள அந்த உரிமை நயினாதீவு நோயாளிக்கு ஏன் இல்லை? வெளியேறப் போகிறவருக்காக மட்டுமே ஒரு கல்வி அமைக்கப்படுமாயின், தங்கி வாழ்பவரின் வரிப்பணத்தில் அது நடைபெறுவது எந்த நியாயம்?

மறு சாரார் நம் தமிழபிமானிகள். தமிழிற் கற்பிப்பது என்றவுடனே ஒவ்வொரு மருந்துக்கும் தூய தமிழ்ப் பெயர் வார்க்கப் புறப்பட்டுவிடுவர். இதுவும் ஆபத்தே. மருந்தின் பொதுப்பெயர் உலகம் முழுவதற்கும் பொதுவானது. அது தமிழெழுத்தில் அப்படியே நிற்கவேண்டும். இன்சுலினை இன்சுலின் என்றே சொல்லுங்கள். இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயரிட்ட கிறீனுக்கு இந்த விவேகம் இருந்தது. தமிழிலே இருக்கவேண்டியது காரணம், விளைவு, எச்சரிக்கை, கணக்கு ஆகியவற்றை எண்ணும் முறை. பெயர்ப்பலகையை மட்டும் தமிழாக்கி உள்ளிருக்கும் சிந்தனையை அந்நியமாகவே விட்டுவைப்பது மொழிப்பற்றாகாது.

மொழியோடு பிணைந்த இன்னொரு நோயும் உண்டு. தாதி என்ற சொல்லுக்கு ஏவற்பெண் என்பது பழைய பொருள்களுள் ஒன்று. தமிழ்நாட்டார் வழங்கும் செவிலி என்ற சொல்லோ, பிள்ளையின் முகவாட்டத்தைக் கண்டு காரணம் கேட்கும் அகப்பாடல்களின் வளர்ப்புத்தாயை நினைவூட்டுவது. நம் வைத்தியசாலை அமைப்பு தாதியை முதற்பொருளிலேயே வைத்திருக்கிறது. எழுதியதைக் கொடு, ஏன் என்று கேளாதே என்பதே எழுதப்படாத விதி. மருந்தியலை மனனமாகக் கற்பிப்பது இந்த விதிக்கு மிகவும் வசதியானது. காரணம் அறிந்தவர் கேள்வி கேட்பார் அல்லவா?

கேள்வி கேட்க முடியாத தாதி ஆபத்தான தாதி. மருந்துத் தவறு நேர்ந்தால் கடைசியாகக் கைதொட்டவரைத் தண்டித்துவிட்டு அமைப்பு கைகழுவிக்கொள்வது உலக வழக்கம். ஐக்கிய அமெரிக்காவின் டெனசி மாநிலத்திலே 2017ஆம் ஆண்டு, மருந்து வழங்கும் இயந்திரத்தில் ஒரு தாதி மருந்தொன்றின் முதலிரண்டு எழுத்துகளை அழுத்த, அதே எழுத்துகளில் தொடங்கும் வேறொரு மருந்து வெளிவந்தது. மன அமைதிக்கான மருந்துக்குப் பதிலாகத் தசைகளை முடக்கும் மருந்தைப் பெற்ற மூதாட்டி இறந்தார். எச்சரிக்கைகள் பலவற்றைத் தாதி கவனியாது விட்டார் என்பது உண்மையே. அவர் தம் தவறைத் தாமே உடன் தெரிவித்தார் என்பதும் உண்மை. 2022ஆம் ஆண்டு நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்தபோது, இனித் தவறுகளைச் சொல்லவே எவரும் அஞ்சுவர் என்று அந்நாட்டுத் தாதியர் அமைப்பு எச்சரித்தது. மறைக்கப்படும் தவறிலிருந்து அடுத்தவர் எதையும் கற்கமுடியாது. இதற்கு மாறான வழிக்கும் உதாரணம் உண்டு. செறிந்த பொட்டாசியம் குளோரைட்டை நீர்க்காமல் நாளத்தில் ஏற்றினால் இருதயம் நின்றுவிடும். பல நாடுகள் தாதியரைத் திட்டிக்கொண்டிராமல், அந்தக் குப்பிகளை விடுதி அலுமாரியிலிருந்தே அகற்றி மருந்தகத்தில் வைத்தன. தவறுவது மனித இயல்பென்று ஒப்புக்கொண்டு அதற்கேற்ப இடத்தை அமைப்பதே அறிவு. 2017ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் 'தீங்கற்ற மருந்து' என்று தொடங்கிய உலகளாவிய முயற்சியின் அடிப்படையும் இதுவே.

இனி, வாழ்க்கையைக் கல்லாத மருந்தியல் எதற்குப் பயன்படும் என்று கேட்போம். இரவு முழுதும் கடலில் நிற்கும் தொழிலாளிக்கு 'இரவு நித்திரைக்கு முன் ஒன்று' என்றால், அவர் நித்திரை விடியற்காலையில் அல்லவா வருகிறது? நீரகற்றும் குளிசையைப் பின்னேரம் எடுத்துவிட்டு இருளிலே எழுந்து நடந்து விழும் முதியவருக்கு, அதைக் காலையில் எடுங்கள் என்ற ஒரு சொல் இடுப்பெலும்பைக் காத்திருக்கும். குழந்தையின் பாணி மருந்துக்கு 'ஒரு கரண்டி' என்றால் எந்தக் கரண்டி? தேக்கரண்டி 5 மில்லிலீற்றர். மேசைக்கரண்டி 15 மில்லிலீற்றர். தாயிடம் அளவுக் கிண்ணத்தைக் காட்டி, கோட்டைத் தொட்டுக் காட்டச் சொல்லாதவரை மருந்து கொடுத்த வேலை முடியவில்லை. ஊர்காவற்றுறையில் தவக்காலத்து ஒருசந்தியும் ஏனைய தீவுகளில் வெள்ளிக்கிழமை விரதமும் மருந்து வேளையோடு சம்பந்தப்பட்டவை என்று எந்த ஆங்கிலப் பாடநூலும் எழுதப்போவதில்லை. அதை நாம்தான் எழுதவேண்டும்.

இது தமிழருக்கு மட்டும் உரிய குறையென்றும் நாம் சொல்லவில்லை. மொனராகலையின் சிங்கள விவசாயியும் அதே இலத்தீன் எழுத்துகளையே உறையில் காண்கிறார். 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் சிங்களமோ தமிழோ மருந்து உறைவரை வந்துசேரவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, வழக்கமான குளிசை கிடைக்காமல் வேறு நிறத்தில், வேறு பெயரில், வேறு அளவில் வந்தவற்றை இரு மொழி மக்களும் ஒரே திகைப்போடு பெற்றுக்கொண்டார்கள். அன்று ஒவ்வொரு மாற்றத்தையும் விளக்க வல்ல தாதியின் அருமை தெரிந்தது. அந்த ஆண்டுகளிலேயே பயிற்சி பெற்ற தாதியர் பலர் நாட்டைவிட்டு நீங்கினர் என்பதும் மறைக்கத்தக்கதன்று.

எனவே நாம் கேட்பவை இவை. மருந்தியலின் அடிப்படைக் கைநூல் ஒன்று, பொதுப்பெயர்களோடு, தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படட்டும். வைத்தியரும் தாதியரும் மொழியாசிரியரும் கூடியிருந்து எழுதட்டும். தாதியரின் செய்முறைப் பரீட்சையில், மருந்தை நோயாளிக்கு அவர் மொழியில் விளக்கி, அதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவைக்கும் திறனுக்கும் புள்ளி வழங்கப்படட்டும். அதில் தேறாதவர் தேறாதவரே. ஐயம் எழுந்தால் மருந்தைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்தியரைக் கேட்பது தாதியின் கடமையென எழுத்தில் வரட்டும். தவறைத் தாமே தெரிவிப்பவர் பழிவாங்கப்படாதிருக்கட்டும். மருந்து உறையிலே காலைக்குச் சூரியனும் இரவுக்குச் சந்திரனும் வரைந்து, மக்கள் மொழியில் இரண்டு வரி எழுதுவதற்குப் பெரும் பணம் எதுவும் செலவாகாது.

ஆசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு. தசமத்தையும் விகிதசமத்தையும் செறிவையும் பரீட்சைக்காக மட்டும் கற்பிப்பதை விட்டு, ஒரு மருந்துக் குப்பியை மேசையில் வைத்துக் கற்பிப்போம். தெளிந்த தமிழில் ஒரு செயலை முறைப்படி விளக்கி எழுதுவதைக் கட்டுரைப் பாடத்திலே பயிற்றுவோம். 'ஏன்' என்று கேட்கும் மாணவியை வாயாடி என்று இருத்திவிடாதிருப்போம். நாளை ஒரு விடுதியில், நள்ளிரவில், பிழையாக எழுதப்பட்ட ஓர் அளவைக் கண்டு நிற்கப்போகிறவள் அவளே.

நாம் சொன்ன அந்த மாணவி விடுமுறை முடிந்து திரும்புமுன், கிளினிக்குக்குத் தொலைபேசியில் பேசி, அம்மம்மாவின் குளிசை இன்னதென்று பொதுப்பெயரால் சொல்லி, விரத நாட்களுக்கான அளவைக் கேட்டறிந்தாள். பின்னர் ஒரு கொப்பித் தாளிலே பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, குளிசைப் பைக்குள் வைத்துவிட்டுப் போனாள். அம்மம்மா அதைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை வாசித்தார். அவள் தன் அன்பினால் செய்த அந்தக் காரியத்தை, ஒவ்வொரு நோயாளிக்கும் செய்யவேண்டிய கடமையாக நாட்டின் கல்வி அவளுக்குக் கற்பித்திருக்கவேண்டும். அதைக் கற்பிக்கச் செய்யும்வரை நாம் கேட்டுக்கொண்டேயிருப்போம்.